கம்ப்யூட்டர் எழவில்லை: கடைக்குத் தூக்குவதா, வீட்டிலேயே பார்ப்பதா?

அப்பத்தா கிரைண்டரைப் போட்டார், எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக அணைந்துகொள்ளும் சுவிட்ச்) விழுந்தது. தூக்கிவிட்டதும் இரண்டாம் கட்டில் விளக்கு, ஃபேன் எல்லாம் வந்துவிட்டன. முகப்பு அறைக் கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. பட்டனை அழுத்தினால் பீப் சத்தம் இல்லை, ஃபேன் சுற்றவில்லை.

கானாடுகாத்தானில் இருப்பவனுக்கு இரண்டு வழி. சி.பி.யு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தூர், கோட்டையூர் வழியாகக் காரைக்குடி கடைக்குப் பஸ் ஏறலாம். இல்லையென்றால் ஒரு ஸ்குரூடிரைவர், வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரோடு வீட்டுத் தரையில் உட்காரலாம். கடையில் மாற்றிப் பார்க்க உதிரி பாகம் இருக்கும், பற்றவைக்கத் தெரிந்த ஆள் இருப்பார். அதை மறுக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு வீட்டுக்குத்தான்.

பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பெட்டியின் பின்பக்கச் சுவிட்ச் எல்லாம் பார்த்திருப்பீர்கள். வயரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்தி, சற்றுப் பொறுத்து மறுபடி போட்டுப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். (வீட்டுக் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் டப்பா) தன்னைக் காக்கப் பூட்டிக்கொண்டிருந்தால் இதிலேயே விடுபட்டுவிடும். பிளக்கைச் செருகியதுமே மறுபடி டிரிப் ஆனால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே ஷார்ட் இருக்கிறது, அது கடைக்காரர் வேலை.

மற்றபடி தெரிய வேண்டியது ஒன்றுதான்: போனது எஸ்.எம்.பி.எஸ்.ஸா, எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் மதர்போர்டா? நான் வீட்டுப் பக்கம் சாய்வதற்குக் காரணமும் இந்தக் கேள்விதான். எஸ்.எம்.பி.எஸ். என்றால் நாலு ஸ்குரூ, அரை மணி நேரம். பழைய கம்ப்யூட்டரில் போர்டு போனால் அதற்கேற்ற போர்டு செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். புதிது வாங்கினால் பிராசசர், ரேம் எல்லாமே மாற்ற வேண்டிவரும். இதற்கு முன் ஒருமுறை முழுப் பெட்டியையும் கடையில் விட்டு ஒன்பது நாள் காத்திருந்தேன். "போர்டு போயிருச்சு தம்பி" என்றார்கள், மாற்றினேன். ஒரு மாதத்தில் மறுபடி படுத்தது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி எஸ்.எம்.பி.எஸ்.

அதனால் இந்த முறை நானே பிரித்தேன். போர்டு, ஹார்ட் டிஸ்க் எனப் போகும் எல்லா வயரையும் கழற்றிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தேன். 24 முனைச் செருகியில் ஊதா வயருக்கும் கறுப்புக்கும் நடுவே மீட்டரை வைத்தால், பட்டனை அழுத்தாமலே 5 வோல்ட் காட்ட வேண்டும். எனக்கு 2.9. அதுவே போதுமான பதில். ஊதா சரியாக இருந்தால் அடுத்த படி: கரண்ட்டை நிறுத்திவிட்டுப் பச்சையையும் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து மறுபடி போட வேண்டும். ஃபேன் சுற்றினால் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும்.

கிரைண்டரால் வோல்ட் திடீரென எகிறி, ஸ்பைக் அடித்துத்தான் போயிருக்கும் என்று நினைத்தேன். அப்படி இருக்க வேண்டியதில்லை. பிளக்கில் இருக்கும்வரை அந்த 5 வோல்ட் பகுதி இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதிலுள்ள, கரண்ட்டைத் தேக்கிக் கொடுக்கும் கெப்பாசிட்டர்கள் மெல்ல வறண்டுபோகும். சூட்டோடு ஓடும்வரை சமாளித்துவிட்டு, கரண்ட் ஒருமுறை நின்றதும் எழ முடியாமல் விழுந்துவிடும். கிரைண்டர்மேல் பழி போட்டது கொஞ்சம் அநியாயம்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. சும்மா இருக்கும்போது வோல்ட் சரியாகக் காட்டிவிட்டு, போர்டை மாட்டியதும் கவிழ்கிற எஸ்.எம்.பி.எஸ். உண்டு. அங்கே கடையின் மாற்று எஸ்.எம்.பி.எஸ்.தான் உதவும். லேப்டாப்பில் நான் கை வைத்ததில்லை. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது, வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

காரைக்குடிக்குப் போனேன்தான், ஆனால் பெட்டியோடு இல்லை. பழைய எஸ்.எம்.பி.எஸ். மட்டும் மஞ்சப்பையில் வந்தது. அதே அளவில் புதிது வாங்கினேன். படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் வீட்டைவிட்டு நகரவில்லை. மாட்டியதும் கம்ப்யூட்டர் எழுந்தது, தேதி மட்டும் 2009 ஜனவரி 1 என்றது. போர்டில் தேதியை நினைவில் வைத்திருக்கும் சி.ஆர். 2032 செல்லும் தீர்ந்திருக்கிறது. அதற்காக மறுபடி காரைக்குடி போகவில்லை, பள்ளத்தூரில் வாட்ச் கடையிலேயே கிடைத்தது.