பொங்கல் விடுமுறையில் நாட்டார் கலை: முட்டுக்காடா, பூங்கா மேடையா?

பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளுக்கு நாட்டார் கலைகளைக் காட்ட விரும்பும் சென்னைவாசிகளுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நகரின் பூங்காக்களிலும் திடல்களிலும் நடத்தும் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’. மற்றொன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா என்னும் பண்பாட்டு அருங்காட்சியகத்தின் பொங்கல் விழா. எங்கள் அடுக்ககத்தில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு முறை வேன் பிடித்து எங்காவது போய்வருவது வழக்கம் என்பதால், மார்கழி பிறந்ததுமே இந்தக் கேள்வி எழுந்துவிடும். இரண்டுக்கும் இரண்டிரண்டு முறை போய்வந்த பிறகு, பிள்ளைகளை அழைத்துப் போவதானால் முட்டுக்காடுதான் என்று நான் முடிவு செய்திருக்கிறேன்.

செலவு, தொலைவு ஆகியவற்றை நீட்டிப் பேச வேண்டியதில்லை. சங்கமத்துக்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்கு அருகில் ஏதாவது ஓர் இடத்தில் நடக்கும். மாலையில் போய் இரவு உணவை அங்கேயே முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். தட்சிணசித்ராவுக்கு ஆளுக்கு ஒரு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போக வேண்டும். ஒரு முழுப் பகலும் அதற்கே போய்விடும். இந்தக் கணக்கில் சங்கமமே முந்துகிறது.

சங்கமத்தின் பெருமையும் சிறிதன்று. 2007இல் முதன்முதலாக நடந்து, சில ஆண்டுகளுக்குப் பின் நின்றுபோய், 2023இல் மீண்டும் தொடங்கிய விழா அது. மார்கழி முழுவதும் சபாக்களின் இசைக்கே காது கொடுத்திருக்கும் நகரத்தில், தை பிறந்ததும் பறையும் பம்பையும் பொது இடத்தில் ஒலிப்பது எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. என் தந்தை திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் கொடை விழாக்களைப் பார்த்து வளர்ந்தவர். கரகாட்டத்துக்கு முன்பாக நையாண்டி மேளம் தொடங்கி, நாகசுரத்தோடு பம்பை சேர்ந்ததுமே, அவருடைய விரல்கள் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட ஆரம்பித்துவிட்டன. அன்று இரவு வீடு திரும்பும் வரையில் அவர் பேசியதெல்லாம் அவருடைய ஊர்க் கதைகள்தாம். அவருக்கு அந்த மேடையே போதுமானதாக இருந்தது. தொலைவிலிருந்து பார்த்தாலும் மீதியை அவருடைய நினைவு நிரப்பிவிடும்.

ஒன்பது வயதான என் மகளுக்கு அப்படி நிரப்பிக்கொள்ள நினைவு எதுவும் இல்லை. என் முடிவு இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது. பெரிய கூட்டத்துக்காக அமைக்கப்படும் எந்த மேடையும் உயரமாகத்தான் இருக்கும், ஒலிபெருக்கி வழியாகத்தான் ஒலிக்கும். குழுக்கள் அடுத்தடுத்து வருவதால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரமும் குறைவு. இது யாருடைய குறையும் அன்று. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் காட்ட வேண்டுமானால் வேறு வழியில்லை. ஆனால் விடிய விடிய ஆடப்படும் தெருக்கூத்தின் ஒரு துண்டையும், ஒயிலாட்டத்தையும், பொய்க்கால் குதிரையையும் ஒரே மாலையில் பார்த்துவிட்டு வந்த என் மகளிடம் மறுநாள் கேட்டபோது, வண்ணங்களும் சத்தமும் மட்டுமே அவள் நினைவில் இருந்தன. எது எந்தக் கலை என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தட்சிணசித்ராவில் நடந்தது வேறு. ஆட்டம் தொடங்குவதற்கு முன் பறையிசைக் கலைஞர்கள் இருவர் மரத்தடியில் வைக்கோலும் காகிதமும் போட்டுச் சிறு தீ மூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஐந்தாறு பேர் அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். மூத்தவர் பறையின் முகத்தைத் தீயின் மேல் மெதுவாகச் சுழற்றுவார், எடுத்து விரலால் ஒரு தட்டுத் தட்டுவார், காது கொடுத்துக் கேட்டுவிட்டு மறுபடியும் தீயில் காட்டுவார். முதலில் ‘தொம்’ என்று அமுங்கிக் கேட்ட ஒலி, நான்காவது ஐந்தாவது தட்டில் ‘டண்’ என்று தெறித்தது. ஏன் அப்படி என்று என் மகள் கேட்டாள். தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும், சூடு பட்டால் ஈரம் போய் இறுகும், இறுகினால்தான் பறை பேசும் என்று அவர் விளக்கிவிட்டு, “நீயே தட்டிப் பாரு பாப்பா” என்று அவளிடம் நீட்டினார். குட்டையான அடிக்குச்சியையும் மெல்லிய நீளமான சுண்டுக்குச்சியையும் அவள் கையில் கொடுத்து, எந்தக் கைக்கு எது என்றும் காட்டினார். பின்னர் ஆட்டம் தொடங்கியபோது அவள் பார்த்தது அந்தக் குச்சிகளைத்தான். மேடை விழாக்களிலும் பறையைக் காய்ச்சத்தான் செய்கிறார்கள். ஆனால் அது மேடைக்குப் பின்னால் நடக்கிறது.

தோற்பாவைக் கூத்திலும் இதே அனுபவந்தான். கூத்து முடிந்ததும் திரைக்குப் பின்னால் வந்து பார்க்கலாமா என்று கேட்டோம். தாராளமாக வாருங்கள் என்றார்கள். பதப்படுத்திய ஆட்டுத்தோலை விளக்கின் முன் பிடித்தால் சாயம் பூசிய இடம் கண்ணாடி போல ஒளிர்வதையும், நகைகளாகத் தெரிந்தவை தோலில் இட்ட சிறு துளைகள் என்பதையும், இராமனுக்கும் இராவணனுக்கும் குரல் கொடுத்தவர் ஒரே மனிதர் என்பதையும் பிள்ளைகள் நேரில் கண்டார்கள். குயவரின் சக்கரத்தில் கை வைத்துக் கோணலாக ஒரு சட்டி செய்ததும் அன்றுதான்.

இந்த நெருக்கம் அங்கே தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. டெபோரா தியாகராஜன் முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996இல் திறந்த இடம் அது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட வளாகம். பரப்பு சுமார் 10 ஏக்கர். இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாகவும் நிலை நிலையாகவும் பிரித்தெடுத்துவந்து, இங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடும் அக்கிரகாரத்து வீடும் நெசவாளர் வீடும் மனிதர்கள் வாழ்வதற்காகக் கட்டப்பட்டவை ஆதலால், அவற்றின் முற்றத்தில் கலை நிகழும்போது பார்ப்பவருக்கும் கலைஞருக்கும் இடையே ஒரு முற்றத்தின் அகலமே இருக்கிறது. முதியவர்கள் திண்ணையில் சாய்ந்து அமர்ந்துகொள்கிறார்கள். மேடை விழாவில் நேரத்தோடு போய் நாற்காலி பிடிக்கும் கவலை இங்கே இல்லை. வளாகத்துக்குள் நடக்க வேண்டிய தூரம் மட்டும் அதிகம். மூட்டுவலி உள்ளவர்கள் காலையிலேயே வந்து, வெயில் ஏறுமுன் பாதியைப் பார்த்துவிடுவது நல்லது.

எதிர்வாதம் ஒன்று என் மனத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. ஊரில் வாழ்கிற ஒரு கலையைப் பெயர்த்துவந்து, அருங்காட்சியக வீடுகளுக்கு நடுவே, கட்டணம் கொடுத்து வருவோருக்கு மட்டும் காட்டுவது அதன் உயிரைக் குறைக்காதா என்று என் தந்தை கேட்டார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. கூட்டத்தின் ஆரவாரமும், குலவையும், தெரிந்த பாட்டைக் கேட்டதும் எழும் விசிலும் முட்டுக்காட்டில் இல்லை, பூங்காவில் இருந்தன. நுழைவுச்சீட்டு வாங்க இயலாத குடும்பத்துக்கு என் ஒப்பீடு பொருந்தவும் பொருந்தாது. நான் போன இரண்டு முறையும் தட்சிணசித்ராவில் கூட்டம் மிதமாகவே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நெரிசலான நாளில் அந்தக் கலைஞருக்கு ஒரு சிறுமியின் கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் இருந்திருக்குமா என்பதை நான் சோதித்துப் பார்க்கவில்லை. சங்கமத்திலும் நான் பார்த்தவை இரண்டு இடங்கள் மட்டுமே. சிறிய பூங்கா ஒன்றில் கூட்டம் சேருமுன் போயிருந்தால் என் கருத்து சற்று மாறியிருக்கலாம்.

முட்டுக்காட்டுக்குப் போக எண்ணுபவர்கள் காணும் பொங்கலன்று கிளம்ப வேண்டாம். மாமல்லபுரத்துக்கும் முட்டுக்காடு படகுத் துறைக்கும் போகும் கூட்டம் முழுவதும் அன்று அதே சாலையில்தான் இருக்கும். வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு விடுமுறை என்பதால் நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வரும் தைக்கு நாங்கள் போட்டிருக்கும் திட்டம், போகிக்கு முந்தைய சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேனில் கிளம்புவது. பொங்கல் முடிந்த ஒரு மாலையில் தந்தையை மட்டும் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள பூங்கா மேடைக்கு நான் தனியே போவது. தானும் வருவேன் என்று மகள் இப்போதே சொல்கிறாள், மேடைக்குப் பின்னால் எங்கே தீ மூட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.