ஒபாமா–ராம்னி விவாதமா, ஏழாவது ஆட்டமா?

2012 அக்டோபர் 22, திங்கட்கிழமை இரவு. அமெரிக்கத் தொலைக்காட்சியில், அதிபர் தேர்தலுக்காக ஒபாமாவும் எதிர்த்து நின்ற மிட் ராம்னியும் மோதிய மூன்றாவது, கடைசி விவாதம். அதே நேரத்தில் இன்னொரு சேனலில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் மோதிய பேஸ்பால் ஆட்டம். நான்கு ஆட்டம் ஜெயிக்க வேண்டிய தொடர் 3-3 என்று சமநிலையில் இருந்தது. இந்த ஏழாவது ஆட்டத்தில் ஜெயிக்கிறவர்களுக்குத்தான் தேசிய லீக் (அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) பட்டமும், உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டியில் ஆடும் வாய்ப்பும். எதைப் பார்ப்பது?

என் ஓட்டு ஆட்டத்துக்குத்தான்.

விவாதம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. சுமார் 5.9 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள். வெளியுறவுக் கொள்கைதான் பொருள்: லிபியா, சிரியா, ஈரான், சீனா. கடற்படைக் கப்பல்கள் குறைந்துவிட்டன என்று ராம்னி சொன்னதற்கு, ராணுவத்தில் குதிரைகளும் துப்பாக்கிமுனைக் கத்திகளும்கூடத்தான் குறைந்துவிட்டன என்று ஒபாமா திருப்பிக் கொடுத்தார். நல்ல அடி. ஆனால் அதை மறுநாள் காலையில் படித்தாலும் முழுசாகப் புரியும். ஒபாமா சோர்ந்து தெரிந்த முதல் விவாதத்தைக் கண்ணால் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். மூன்றாவது அப்படியல்ல.

ஆட்டத்தை அப்படிப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. மூன்றாவது இன்னிங்ஸில் ஓட்டக்காரர்கள் நிற்கும் மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்க, ஜயன்ட்ஸின் ஹன்டர் பென்ஸ் அடித்த அடியைப் பாருங்கள். மட்டை உடைந்தது. உடைந்த மட்டை பந்தை ஒரே வீச்சில் மூன்று முறை தொட்டது. பந்து விசித்திரமாகச் சுழன்று திசை மாற, தடுக்க வேண்டியவர் எதிர்ப்பக்கம் கால் வைத்துவிட்டார். பேஸ்களில் நின்ற மூன்று பேரும் ஓடி வந்துவிட்டார்கள்; மூன்று ரன். வெறும் கண்ணுக்கு அது சாதாரண அடி. ஸ்லோமோஷனில் காட்டியபோதுதான் என்ன நடந்தது என்றே தெரிந்தது.

அந்த இன்னிங்ஸ் முடிவில் ஜயன்ட்ஸ் 7-0. சரி, இனி விவாதத்துக்குப் போகலாமே என்று தோன்றும். ஆனால் எதிரே இருந்தது கார்டினல்ஸ். பத்தே நாள் முன்னால் வாஷிங்டனுக்கு எதிராக 0-6 என்று பின்தங்கி, 9-7 என்று ஜெயித்த அணி. ஜயன்ட்ஸும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தோற்றால் வீட்டுக்கு என்ற நிலையில் அந்த ஆண்டு அவர்கள் ஆடிய ஆறாவது ஆட்டம் இது. முந்தைய ஐந்தையும் ஜெயித்திருந்தார்கள். இதையும் 9-0 என்று முடித்தார்கள். கொட்டும் மழையில் கடைசிப் பந்தைப் பிடித்தவர் ஜயன்ட்ஸின் மார்கோ ஸ்குடாரோ. அடித்தவர் கார்டினல்ஸின் மேட் ஹாலிடே. அதே தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் ஸ்குடாரோ மீது மோதி அவரைச் சாய்த்தவர்! தொடரின் சிறந்த வீரர் விருதும் ஸ்குடாரோவுக்கே.

இன்னொரு கணக்கும் உண்டு. கலிபோர்னியா எப்படியும் ஒபாமாவுக்கு, மிசூரி எப்படியும் ராம்னிக்கு. அதனால் இரண்டு அணிகளின் சொந்த மாநிலத்து ரசிகர்களும் குற்ற உணர்ச்சியே இல்லாமல் ஆட்டத்தைப் பார்த்திருக்கலாம்.

எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒஹையோவிலோ புளோரிடாவிலோ ஓட்டு வைத்துக்கொண்டு, இன்னும் முடிவெடுக்காமல் இருந்தவருக்கு மட்டும் நான் விவாதத்தைச் சொல்வேன். புளோரிடாவில் ஒபாமா ஜெயித்தது ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில். அப்புறம், கிழக்குக்கரை நேரம் பத்தரைக்கு விவாதம் முடிந்தபோதும் ஆட்டம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சேனலை மாற்றியிருந்தால் ஸ்குடாரோவின் அந்தக் கடைசிப் பந்து அவருக்கும் கிடைத்திருக்கும்.