லிஃப்ட் செய்த வண்டியில் ஸ்வே பார்: விடுவதா, கழற்றுவதா, மாற்றுவதா?

வண்டியின் உடலை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு, பெரிய டயரும் மாட்டியாயிற்று. அடுத்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்வே பாரை என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கழற்றிப் போடு என்பார் ஒருவர். இன்னும் தடியாகப் போடு என்பார் இன்னொருவர். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் திட ஆக்சில் (இரு சக்கரத்தையும் ஒரே தண்டில் சேர்க்கும் அமைப்பு) இருந்து, தார்ச்சாலையிலும் நிறைய ஓடும் வண்டி என்றால், சரியான நீளமுள்ள டிஸ்கனெக்ட் லிங்க்தான், அதாவது வேண்டும்போது பாரை விடுவித்து மாட்டக்கூடிய இணைப்புதான், முதல் தேர்வு.

ஸ்வே பார் என்பது ப வடிவில் வளைத்த ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி. நடுப்பகுதி சேசிஸில் ரப்பர் புஷ்களுக்குள் உட்கார்ந்திருக்கும். இரு கைகளின் நுனியும் லிங்க் வழியாக ஆக்சிலோடு சேரும். இரண்டு சக்கரமும் சேர்ந்தே ஏறி இறங்கினால் பார் சும்மா சுழலும். ஒன்று ஏறி மற்றது இறங்கும்போதுதான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். வளைவில் வண்டி சாய்ந்தாலும் சரி, ஒரு சக்கரம் மட்டும் பாறையில் ஏறினாலும் சரி, பாருக்கு இரண்டும் ஒன்றுதான். சாலையில் நமக்கு வேண்டிய எதிர்ப்பே பாறையில் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவிடுகிறது.

பாரால் முடியாத ஒன்றும் உண்டு. 2000 கிலோ வண்டி, இடவலச் சக்கரங்களுக்கு இடையே 160 செ.மீ., ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 0.4 ஜி, அதாவது புவியீர்ப்பின் 0.4 மடங்கு பக்கவாட்டு விசை வரும் திருப்பத்தில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு 350 கிலோ எடை மாறும். லிஃப்டும் டயரும் சேர்ந்து மையத்தை 78 செ.மீ.க்கு ஏற்றினால் அதுவே 390 கிலோ. எவ்வளவு தடித்த பார் போட்டாலும் அந்தக் கூடுதல் 40 கிலோ போகாது. முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்கிற பங்கு மட்டும்தான் மாறும். அகலத்தில் பாதியை மைய உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், கவிழும் அபாயத்தைக் கணிக்க உதவுவது. அது 1.14-லிருந்து 1.03-க்கு இறங்கிவிடுகிறது. ஆகவே நல்ல பார் இருக்கிறது, வண்டி சாயவில்லை என்பதற்காகப் பழைய வேகத்திலேயே வளைவுக்குள் போகக் கூடாது.

அந்தப் பங்குதான் முழுக்கக் கழற்றுவதில் உள்ள பெரிய சிக்கல். முன் பாரை மட்டும் எடுத்துவிட்டால் வளைவில் மாறும் எடையில் முன்பைவிட அதிகப் பங்கைப் பின் ஆக்சில் தாங்க வேண்டிவரும். குறுக்கே ஏதாவது வந்து ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால், உயரமான வண்டியில் முதலில் பின்பக்கம் வழுக்கத் தொடங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிக்க அங்கே நேரம் கிடைக்காது. கனமான ஷாக் போட்டால் போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஷாக் அப்சார்பர் அசைவின் வேகத்தைத்தான் எதிர்க்கும். நீண்ட வளைவில் வண்டி சாய்ந்து அப்படியே நின்றுவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. காட்டுப்பாதையில் மட்டும் ஊர்ந்து போய், சாலையில் டிரெய்லரில் வரும் வண்டிக்குக் கழற்றுவது சரி. மற்ற வண்டிக்கு வேண்டாம்.

செலவே இல்லை என்று பழைய பாரையும் பழைய லிங்கையும் அப்படியே விடுவதும் தவறுதான். லிஃப்ட் செய்ததும் ஆக்சில் கீழே போகிறது. பாரின் கைகள் சரிந்து தொங்குகின்றன. சக்கரம் முழுக்க இறங்கும்போது கையும் லிங்கும் ஒரே நேர்கோட்டுக்கு வந்து, அதைத் தாண்டி மறுபக்கம் மடங்கிக்கொள்ளலாம். நீளமான லிங்க் போட்டால் இது தீரும். அளவெடுக்கும் விதம் இது: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எடை முழுவதும் சக்கரத்தின் மேல் இருக்கும்போது பாரின் கை ஏறத்தாழக் கிடைமட்டமாக வரும்படி நீளத்தை வையுங்கள். ஜாக்கியில் தொங்கவிட்டு அளந்தால் கணக்கு தப்பிவிடும். அப்புறம் ஒரு சக்கரத்தை முழுக்க ஏற்றி, மற்றதை முழுக்க இறக்கி, பாரின் கை டை ராடிலோ (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கம்பி) பிரேக் ஹோஸிலோ உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளையும் எடை கீழே இருக்கும்போதே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும்.

இந்த நீள லிங்கையே உருவியெடுக்கக்கூடிய பின் (pin) போட்டுக் கழற்றும்படி செய்ததுதான் டிஸ்கனெக்ட். பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி இரண்டு பின்னை உருவி, பாரை மேலே தூக்கிக் கட்டிவிட்டால் முன் ஆக்சில் தன் இஷ்டத்துக்கு ஒருபக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். திரும்பும்போதுதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு பக்கப் பின் உடனே போய்விடும். மறுபக்கம் துளை ஒரு விரல் அகலம் விலகி நிற்கும். சமதரை தேடி நிறுத்தி, ஒருவர் பம்பரைப் பிடித்து ஆட்ட, இன்னொருவர் பின்னைத் தள்ள வேண்டியிருக்கும். சேறு காய்வதற்குள் துடைத்து கிரீஸ் வைப்பது நல்லது. ஒரு எச்சரிக்கை: பார் இல்லாதபோது சக்கரம் இன்னும் கீழே இறங்கும் என்பதால் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் நீளம் போதுமா, காயில் ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

பொத்தானை அழுத்தினால் விடுபடும் அமைப்புகள் வசதியில் இதை மிஞ்சும். ஜீப் ரேங்ளர் ரூபிக்கானில் 2007 முதல் மின்மோட்டார் டிஸ்கனெக்ட் உண்டு, மணிக்கு 29 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் தானே சேர்ந்துகொள்ளும். மறந்துபோய் நெடுஞ்சாலை ஏறும் ஆபத்து இல்லை என்பதே இதன் பெரிய பலம். பார் முறுக்கியிருக்கும்போதும் விடுவிக்கக்கூடிய ஹைட்ராலிக் அமைப்பு 2021 ஃபோர்டு ப்ரோங்கோவில் வந்தது. டொயோட்டாவின் கேடிஎஸ்எஸ் முன், பின் பார்களை எண்ணெய்க் குழாயால் இணைத்து, தேவைக்கேற்பத் தானே தளர்கிறது. ஆனால் அதில் லிஃப்ட் செய்வது நுணுக்கமான வேலை. வால்வைத் திறந்து அழுத்தத்தைச் சமன் செய்யாவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். தொழிற்சாலையிலிருந்தே இப்படி வந்த வண்டியில் அதையே காப்பாற்றிக்கொள்ளுங்கள். இல்லாத வண்டியில் புதிதாகப் பொருத்தும் சிரமத்துக்கு நான் போகமாட்டேன்.

கர்ரி நிறுவனத்தின் ஆன்டிராக் போன்றவை நேரான டார்ஷன் கம்பியும் (முறுக்கை எதிர்க்கும் கம்பி), பல துளையுள்ள தனிக் கைகளும் கொண்டவை. லிங்கை எந்தத் துளையில் மாட்டுகிறோமோ அதற்கேற்ப விறைப்பு கூடும், குறையும். கழற்றவே வேண்டாம்; சரிவில் குறுக்கே போகும்போது பார் இல்லாத வண்டி திடீரென்று ஒருபக்கம் படுப்பது போன்ற பயமும் இராது. மண்பாதையிலேயே அதிக நேரம் இருப்பவருக்கு டிஸ்கனெக்டைவிட இதையே சொல்வேன். ஆனால் நெடுஞ்சாலை வளைவில் பழைய பாரைவிட இது தளர்வாகவே இருக்கும்.

தடித்த பார், கூரையில் பாரம் ஏற்றி சாலையில் ஓடுபவருக்கு மட்டும். பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது, 25 மி.மீ.யை 28 ஆக்கினால் ஏறத்தாழ 57 சதவீதம் கூடிவிடும். பின்பக்கம் மட்டும் தடித்ததைப் போட்டால், முன் பாரைக் கழற்றியபோது வந்த அதே வழுக்கல் இங்கேயும் வரும்.

முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் சக்கரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு அதைத் தாங்கும் ஆர்ம்களே எல்லை வைத்துவிடுவதால், டிஸ்கனெக்டால் கிடைப்பது திட ஆக்சிலில் கிடைக்குமளவு இருக்காது. அங்கே நீள லிங்க்கோடு நின்றுகொள்ளலாம். பின்னால் திட ஆக்சிலும், அது பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பனார்ட் ராடும் உள்ள வண்டி இன்னும் அதிகமாகச் சாய்கிறது என்றால், பாரைத் தொடும் முன் ஆக்சில் பக்கத்து பனார்ட் பிராக்கெட்டை உயர்த்திப் பாருங்கள். ஈர்ப்பு மையத்துக்கும், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையத்துக்கும் இடையே லிஃப்ட் கூட்டிய தூரம் அதில் குறைகிறது. பாறையில் ஆக்சில் ஏறி இறங்குவதும் கெடுவதில்லை.