10 கிலோ மின் மரச்செக்கு: எண்ணெய்த் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் வாங்கலாமா?

நம் நாட்டுச் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைனிலிருந்து. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதும் இங்கே மளிகைக் கடை வரை அதே பேச்சாக இருந்தது. இந்த இறக்குமதியைக் குறைக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு 10,103 கோடி ரூபாயில் எண்ணெய் வித்து இயக்கத்தை அறிவித்தது. நிலக்கடலையும் எள்ளும் விளையும் ஊரில் ஓர் இளைஞர் செக்குப் போட்டால், அந்த விளைச்சலுக்கு வீட்டு வாசலிலேயே ஒரு வாங்குபவர் கிடைக்கிறார். அதற்குத் தோதான இயந்திரம்தான், ஒரு தடவைக்கு 10 கிலோ வித்து ஆட்டும் இந்த மின் மரச்செக்கு.

அமைப்பு எளிது. 2 அல்லது 3 குதிரைத்திறன் மோட்டார், வேகத்தைக் குறைக்கும் கியர்பாக்ஸ், உரல், வாகை மர உலக்கை. வாங்கும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: உரலின் உள்கட்டையும் வாகைதானா, உலக்கை மட்டும்தான் மரமா? வெளியே மரச்செக்கு என்று பலகை, உள்ளே இரும்பு உரல் என்பது நிறைய இடத்தில் நடக்கிறது. அடுத்தது மரத்தின் பதம். சரியாகக் காயாத வாகை சில மாதங்களில் வெடிப்பு விடும். அந்த வெடிப்பில் பிண்ணாக்கு தங்கிக் காறிப்போய், அடுத்த தடவை ஆட்டுவதிலிருந்து எண்ணெயெல்லாம் அந்த வாடைதான்.

ஆட்டும் பக்குவம்தான் இதில் உயிர். 10 கிலோ நிலக்கடலைப் பருப்பு போட்டால் முதல் கால் மணி நேரம் வெறும் மாவாகவே சுற்றும். அப்போது கையால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்க வேண்டும். மாவு திரண்டு உரல் சுவரைப் பிடித்ததும் எண்ணெய் பிரியத் தொடங்கும். தண்ணீர் குறைந்தால் பிண்ணாக்கு கட்டாமல் பொடியாகவே நிற்கும். கூடினால் எல்லாம் கூழாகி எண்ணெய் அதிலேயே மாட்டிக்கொள்ளும். எள்ளுக்கு இந்த வேலையைக் கருப்பட்டி செய்கிறது. 10 கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிலோ. ருசிக்காக மட்டும் போடுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அதன் பிசுபிசுப்புதான் சக்கையைக் கட்டி எண்ணெயைப் பிரிக்கிறது. ஒரு தடவை ஆட்டி முடிக்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வரும் எண்ணெய் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் எல்லாம் சரி.

கடலையில் 10 கிலோவுக்கு 4 லிட்டர் சுமார், நல்ல பருப்பானால் கொஞ்சம் கூட. கொப்பரையில் 6 லிட்டர் வரை. ஆக, ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு. அந்தப் பருப்பின் விலையோடு கரண்ட், கூலி, பாட்டில் செலவைக் கூட்டி, பிண்ணாக்கில் வரும் காசைக் கழியுங்கள். அதற்கும் கீழே யாராவது விற்றால் அது சுத்தமான கடலை எண்ணெயாக இருக்க வழியில்லை. இரும்புத் திருகால் நெருக்கிப் பிழியும் எக்ஸ்பெல்லர் இயந்திரம் இதைவிட அதிகம் பிழியும். செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய் தங்குவதால் மாடு வளர்ப்பவர்கள் அதை விரும்பி வாங்குவார்கள். அந்த வரவை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் தொழில் நட்டமாகத் தெரியும்.

பலரும் சறுக்குவது பருப்பு வாங்குவதில். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கும். ரீஃபைன் செய்யும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் அப்படி நீக்கும் கட்டம் கிடையாது, ஒரு பகுதி எண்ணெயோடு வரும். அதனால் சுருங்கியது, கறுத்தது, பச்சை படிந்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறிந்தே ஆக வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பல்படுபவர் செக்குத் தொழிலுக்கு வர வேண்டாம். கொப்பரையில் கந்தகப் புகை போட்டதைத் தவிருங்கள். அளவுக்கு மீறிய வெள்ளையே அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் துணி கட்டி வெயிலில் வைத்துத் தெளிய விட்டு, கசடு கலக்காமல் மேலாக வடிக்க வேண்டும். அவசரப்பட்டு அன்றே பாட்டிலில் அடைத்தால் அடியில் கசடு சேர்ந்து சீக்கிரம் கெடும்.

எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்பதற்குச் சட்டத்தில் தடை உண்டு. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், தேதி, அளவு அச்சிட்ட பாட்டிலில்தான் விற்க வேண்டும். பணத்துக்கு, 2020ல் தற்சார்பு இந்தியா அறிவிப்பில் வந்த குறு உணவு நிறுவனத் திட்டத்தில் கடனோடு இணைந்து 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. இப்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு மனுப் போடுங்கள்.

முதல் நாளே இரண்டு செக்கு வாங்கிப் போடாதீர்கள். ஒன்றை வைத்து முதல் ஆறு மாதம் ஊர்க்காரர்கள் கொண்டுவரும் வித்துகளைக் கூலிக்கு ஆட்டிக்கொடுங்கள். பக்குவம் கைக்கு வரும், முதலும் முடங்காது. வாங்கும்போதே மாற்று உலக்கை ஒன்றைச் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். தேய்ந்த பிறகு சொல்லிவிட்டுக் காத்திருந்தால் அறுவடைப் பருவம் கையை விட்டுப் போய்விடும்.