ஆறாண்டுத் தேடல்: நெப்ராஸ்கா குடியேறி ஒருவரின் வேரும் ஃபேமிலிசர்ச் தளமும்

என் மருமகளின் கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவர் ஜெர்மனியிலிருந்து வந்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நிலம் பெற்றுக் குடியமர்ந்தவர் என்பதற்கு மேல் அவர்கள் குடும்பத்தில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. பேரப்பிள்ளைகளுக்காக அவருடைய வம்சாவளியைத் தேடத் தொடங்கி ஆறு ஆண்டுகளாகின்றன. அத்தனை ஆண்டுகளும் நான் பெரிதும் நம்பியிருந்தது, மோர்மன் திருச்சபை கட்டணமின்றி நடத்தும் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி ஆவணத் தளத்தைத்தான்.

முதலில் கைகொடுத்தவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள். குடும்பப் பெயரைப் பெயர்த்தெழுதியவர் தவறாகப் படித்திருந்ததால், அதை விட்டுவிட்டு முதற்பெயர், பிறந்த ஆண்டு, மாவட்டம் ஆகியவற்றை மட்டும் கொடுத்துத் தேடிய பிறகே அவர் அகப்பட்டார். 1890ஆம் ஆண்டு ஏடுகளில் பெரும்பகுதி 1921இல் நேர்ந்த தீ விபத்தை அடுத்து அழிந்துபோனதால், 1880க்குப் பின் 1900 ஏட்டைத்தான் பார்க்க முடிந்தது. அதில் மனைவியாக இருந்தவரையே எல்லாப் பிள்ளைகளுக்கும் தாயென்று குறித்துக்கொண்டு ஓராண்டு தவறான வழியில் அலைந்தேன். மணமாகி எத்தனை ஆண்டுகள் என்ற கட்டத்தில் 11 என்றும், மூத்த மகனின் வயது 24 என்றும் அதே பக்கத்தில் எழுதியிருந்தது; அப்படியானால் அந்த மகன் வேறொரு தாய்க்குப் பிறந்தவர். 2024இல் இத்தளத்தில் வந்த, கையெழுத்தை இயந்திரமே படித்துத் தேடித்தரும் வசதியால் 1884ஆம் ஆண்டு நிலப் பத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் கணவரோடு முதல் மனைவியின் பெயரும் இருந்தது.

ஆனால் அவர் எந்த ஊரினர் என்ற முடிச்சை அவிழ்க்க வழிகாட்டியது அவருடைய நிலக்கோப்பு. குடியேறிகளுக்கு அரசு நிலம் வழங்கிய 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை பெறுபவர், ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிரிட்டதை இரண்டு சாட்சிகளைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் தளத்தில் பட்டாவை இலவசமாகப் பார்த்து, அதிலிருந்த எண்ணைக் கொண்டு தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பின் நகலைக் கேட்டுப் பெற்றேன். புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டிய வீட்டின் நீள அகலம், உழுத ஏக்கர், நட்ட மரங்கள் என அவரது ஐந்தாண்டு வாழ்க்கையே அதில் இருந்தது. அத்தாள்களை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொல்ல இயலாது. உடனிருந்த குடியுரிமைத் தாளிலோ அன்றைய ஜெர்மானிய அரசுகளுள் ஒன்றான பிரஷ்யாவின் மன்னருக்குக் குடி என்பதைத் தவிரச் சொந்த ஊர் இல்லை.

ஒரே ஊரார் சேர்ந்து குடியேறியிருக்கலாம் என்று எண்ணி, நிலக்கோப்பில் இருந்த சாட்சிகளைத் தேடினேன். அவர்களுள் ஒருவரின் பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தின் 1868ஆம் ஆண்டுப் பயணியர் பட்டியலில் இருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே எங்கள் குடியேறி. அமெரிக்கத் துறைமுகப் பட்டியல்கள் பெரும்பாலும் நாட்டோடு நின்றுவிட, ஹாம்பர்க் பட்டியல் புறப்பட்டவரின் ஊரையும் குறிக்கிறது. இருவருக்கும் ஒரே ஊர்.

பலர் கூடி எழுதும் இணையக் குடும்ப மரங்கள் அவருக்கு வேறொரு தந்தையைக் காட்டிக்கொண்டிருந்தன; சான்றாக ஒரு தாளும் அங்கே இணைக்கப்படவில்லை. ஆகவே மரத்தைத் துப்பாக மட்டும் கொண்டு, மூல ஏட்டின் படத்தைத் திறந்து பார்த்த பின்னரே எதையும் ஏற்கும்படி புதியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டிலிருந்து திறக்க இயலாத சில படங்களுக்கு ஃபேமிலிசர்ச் மையத்திற்கு நேரில் செல்ல வேண்டியிருக்கும். அவ்வூரின் ஞானஸ்நானப் பதிவேட்டை அப்படிச் சென்றுதான் பார்த்தேன். தந்தை கூலித்தொழிலாளி என்றும், தாய் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இன்னதென்றும் அதில் ஒரே வரியில் எழுதியிருந்தது.