நகரும் சென்சார் கணுக்களுக்கு அப்டேட்: வரிசைப் பக்கமா, வரிசையற்ற துண்டா, கலவையா, டெல்டாவா?

விலங்கின் கழுத்துப்பட்டையிலோ வண்டியிலோ உள்ள கணுவுக்கு (ரேடியோ உள்ள சிறு சென்சார் கருவிக்கு) புது ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், போய்ச் சேர்வதைத் தீர்மானிப்பது, அது ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் சந்திப்பு நேரம்தான். ரேடியோ 30 மீட்டர் எட்டும், ஒப்பு வேகம் விநாடிக்கு 5 மீட்டர் என்றால், இரண்டு கணுக்களுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 12 விநாடி. ஒன்றையொன்று கண்டுகொள்ள 4 விநாடி போய்விட்டால் மிச்சம் 8. விநாடிக்கு 50 பாக்கெட் என்று வைத்தாலும் 400தான். 40 கிலோபைட் இமேஜை (ஃபர்ம்வேரின் முழுக் கோப்பை) 64 பைட் துண்டுகளாக்கினால் 640 வரும். ஆகவே ஒரே சந்திப்பில் வேலை முடியாது.

2004-இல் டைனிஓஎஸ் என்னும் சென்சார் இயங்குதளத்துக்கு வந்த டெலூஜ் என்னும் அப்டேட் முறை, இமேஜைப் பல துண்டுகள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, அவற்றை வரிசையாகவே வாங்கும். நிலையான வலையமைப்பில் இது அருமையான ஏற்பாடு: இரண்டாம் பக்கம் வந்துகொண்டிருக்கும்போதே முதல் பக்கம் அடுத்த கணுவுக்குப் போய்விடும். நகரும் கணுக்களிடம் இதே வரிசை முட்டுக்கட்டையாகிறது. இருவரிடமும் 1 முதல் 5 வரை பக்கங்கள் இருந்தால், அந்தச் சந்திப்பு முழுக்க வீண்.

வரிசையற்ற துண்டு முறையில் ஒருவரிடம் முன்பாதியும் மற்றவரிடம் பின்பாதியும் இருக்கலாம், சந்தித்ததும் மாற்றிக்கொள்ளலாம். எது இருக்கிறது என்று சொல்ல 640 பிட், அதாவது 80 பைட் போதும். 127 பைட் பாக்கெட்டில் அடங்கிவிடும். அந்தப் பிட் வரைபடத்தை ரேமில் மட்டும் வைக்காதீர்கள், பேட்டரி ஒரு கணம் சரிந்தாலே போய்விடும். ஃபிளாஷில் 1-ஐ 0 ஆக்க அழிப்பு தேவையில்லை என்பதால், துண்டு வந்ததும் அதற்கான பிட்டை 0 ஆக்கினால் போதும். ஒரு பக்கத்துக்குள் அடுத்த பக்கத்தின் ஹாஷை (உள்ளடக்கம் மாறவில்லை என்று சரிபார்க்கும் சுருக்க எண்ணை) வைக்கும் சங்கிலி இங்கே உதவாது, அது வரிசையை எதிர்பார்க்கும். 2 கிலோபைட் பக்கங்கள் 20 என்றால், கையொப்பமிட்ட 640 பைட் ஹாஷ் பட்டியலை முதலில் அனுப்பிவிடுங்கள்.

துண்டுகளை எக்ஸ்ஓஆர் செய்து (பிட்டுக்குப் பிட் ஒன்றிணைத்து) கலந்து அனுப்பும் முறை, பல கணுக்கள் ஒரே இடத்தில் கூடும்போது வெல்லும். யாருக்கு எது விடுபட்டது என்று கேட்கவே வேண்டாம். 32 துண்டுப் பக்கத்துக்கு 32-உம் அதற்கு மேல் சிலவும் வந்தால் போதும். ஆனால் ஒரு கெட்ட பாக்கெட் கலந்தாலும் பக்கம் முழுதும் பாழ், அதுவும் கலவையைப் பிரித்தெடுத்த பிறகுதான் தெரியும். இருவர் இருவராகக் கடந்துபோகும் கணுக்களுக்கு வரிசையற்ற துண்டையே தேர்ந்தெடுப்பேன்.

டெல்டா, அதாவது பழைய பதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு மட்டும், சிறியது, ஒரே சந்திப்பில் முடியவும் கூடும். ஆனால் பழைய பதிப்பு எல்லோரிடமும் ஒன்றாக இருந்தால்தான் செல்லும். நகரும் வலையமைப்பில் ஏதோ ஒரு கணு முந்தைய அப்டேட்டைத் தவறவிட்டிருக்கும். முழு இமேஜையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

எந்த முறையானாலும் இரண்டு இடங்களில் சந்திப்பு நேரம் கசியும். தன்னிடம் உள்ள பதிப்பை அவ்வப்போது அறிவிக்கும் டிரிக்கிள் முறையின் அறிவிப்பு இடைவெளி நிமிடக்கணக்கில் வளர விட்டால், அறிவிப்பு போவதற்குள் எதிர்க்கணு நகர்ந்துவிடும். ஒவ்வொரு இடைவெளியின் பின்பாதியில் ஏதோ ஒரு கணத்தில்தான் அறிவிப்பு போகும், ஆகவே உச்ச இடைவெளி 4 விநாடி என்றால், இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே 6 விநாடி வரை போகலாம். அதற்கு மேல் வைக்காதீர்கள். அடுத்தது ஃபிளாஷ் அழிப்பு: வெளிச் சிப்பில் 64 கிலோபைட் செக்டர் அழிய ஒரு விநாடியோ அதற்கு மேலோ ஆகலாம். புது இமேஜுக்கான காலி ஸ்லாட்டை (ஃபிளாஷ் இடத்தை) முன்கூட்டியே அழித்து வையுங்கள்.

எம்சியூபூட் போன்ற பூட்லோடரில் (கணு தொடங்கும்போது எந்த இமேஜை ஓட்டுவது என்று தீர்மானிக்கும் நிரலில்), புது இமேஜ் தன்னை உறுதிசெய்யாவிட்டால் அடுத்த ரீசெட்டில் பழையது திரும்பும். உறுதிசெய்ய ‘இன்னொரு கணு பேச வேண்டும்’ என்று நிபந்தனை வைத்தால், தனியே அலையும் கணு நல்ல இமேஜையும் கைவிடும். பிறகு யாரையாவது சந்தித்து அதையே மறுபடி இறக்கும். சென்சார் வாசிப்பும் ரேடியோ சுயசோதனையும் தேறினால் உறுதிசெய்யட்டும். கைவிட்ட இமேஜின் ஹாஷைக் குறித்து வைத்து, அதை மீண்டும் வாங்க மறுக்கட்டும்.