இரண்டு நாள் பயிற்சியா, பத்து நிமிட ஒத்திகையா?

அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவர்கள் படிப்பதற்கு வழிகள் ஏராளம், நேரம்தான் இல்லை. இரவுப் பணி முடித்து வந்தவர், தூக்கம் போக மிஞ்சும் சொற்ப நேரத்தை எதில் செலவிடுவது?

பெரும்பாலோர் முதலில் நாடுவது சான்றிதழ் பயிற்சிகளை. விபத்துக் காயங்களுக்கான ஏடிஎல்எஸ் பயிற்சி ஒரு துயரத்தில் பிறந்தது. 1976-ல் எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிவந்த சிறு விமானம் நெப்ராஸ்காவில் விழுந்தது. மனைவி இறந்தார். பிள்ளைகளுக்கு மருத்துவமனையில் கிடைத்த முதல் சிகிச்சை அவருக்குப் பொறுக்கவில்லை. 1978-ல் முதல் பயிற்சி நடந்தது. 1980-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்ற வரிசையை எல்லோருக்கும் பொதுவாக்கியதே இதன் பெரிய பலன். முன்பின் அறியாத நான்கு பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றாலும் அடுத்து என்ன என்பதில் குழப்பம் வராது.

ஆனால், இதயம் நின்றவரைக் காக்கும் ஏசிஎல்எஸ் சான்றிதழ் இரண்டு ஆண்டுகள் செல்லும். மார்பை அழுத்தும் திறனோ சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடுகிறது. சான்றிதழ் அட்டை செல்லுபடியாகும்போதே கை மறந்துவிடுகிறது.

பணி தொடங்கும் முன் சொந்தப் பிரிவிலேயே நடத்தும் பத்து நிமிட ஒத்திகை இந்த இடைவெளியை நிரப்புகிறது. நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் 1960-ல் கொண்டுவந்த ‘ரெசஸி ஆன்’ போன்ற ஒரு பொம்மை போதும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம். எங்கே தவறுகிறோம் என்பது அப்போதே தெரிந்துவிடும். இன்னொன்றும் தெரியவரும்: கழுத்தில் அவசரத் துளையிடும் கருவி எந்த இழுப்பறையில் இருக்கிறது, அதன் சாவி யாரிடம்? இதை எந்தப் பயிற்சி அரங்கும் சொல்லித்தராது. என் ஓட்டு இதற்கே. கூட்டம் அதிகமான நாளில் முதலில் ரத்தாவதும் இதுதான், அது வேறு விஷயம். ஒத்திகைக்குப் பிந்தைய பேச்சு விசாரணையாக மாறினால், மறுவாரம் ஆள் வராது.

பாட்காஸ்ட்களும் வலைப்பதிவுகளும் புதியதை விரைவாகக் கொண்டுவருகின்றன. இலவசத் திறந்த மருத்துவக் கல்வி என்ற பொருளில் ‘ஃபோம்’ என்ற பெயரே 2012-ல் டப்ளினில் சூட்டப்பட்டதுதான். கேட்டதெல்லாம் தெரிந்துவிட்டதாக ஒரு மயக்கம் வரும் என்பதே இவற்றின் ஆபத்து. பயணத்தில் கேட்கலாம், மருந்தளவை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.

நான்காவது வழிக்குச் சான்றிதழ் கிடையாது. நாம் வார்டுக்கு அனுப்பியவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று போய்ப் பார்ப்பது. அவசரப் பிரிவு மருத்துவருக்குக் கதையின் முதல் பக்கம்தான் கிடைக்கிறது. வாயுக்கோளாறு என்று அவர் நினைத்தது மறுநாள் மாரடைப்பாக உறுதியானாலும் அவருக்குச் செய்தி வராது. வாரத்துக்கு ஐந்து நோயாளிகள் போதும். ஒரு சிறு நோட்டில் பதிவு எண், நாம் நினைத்தது, முடிவில் தெரிந்தது. பெயர் வேண்டாம், நோட்டு தொலையக்கூடிய பொருள்.